ஒரே வாரம், இரண்டு நியாயம்

நண்பர்களே, அரபு நாடுகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது வெளிநாடுகள் எப்படி நடந்துகொண்டன என்று பேச அழைத்திருக்கிறீர்கள். 2011 மார்ச் மாதத்தில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கே நேரம் போதாது.

மார்ச் 14. சவூதி அரேபியாவிலிருந்து பஹ்ரைனுக்குப் போகும் கடல் பாலத்தில் கவச வண்டிகள் வரிசைகட்டி வந்தன. சவூதிப் படையினர் ஏறத்தாழ 1,000 பேர், அமீரகப் போலீசார் சுமார் 500 பேர். தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் ஜனங்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் கேட்டது அதிகாரமுள்ள நாடாளுமன்றம், தேர்ந்தெடுத்த அரசாங்கம். மறுநாள் நெருக்கடி நிலை. 16ஆம் தேதி சதுக்கம் காலி. 18ஆம் தேதி, நடுவில் நின்ற முத்துச் சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். வளைகுடாக் கூட்டமைப்பின் ஆறு நாடுகளையும் குறிக்க ஆறு பாய்மரங்களோடு எழுப்பிய சின்னம் அது! அதைப் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயத்தையும் திரும்பப் பெற்றார்கள். சில்லறைக் காசைப் பார்த்துக்கூட ஓர் அரசு பயப்படும் போலிருக்கிறது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 17ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்பு அவை லிபிய மக்களைக் காக்க ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி கொடுத்தது. ஆதரவு 10 வாக்கு. இந்தியா, ரஷ்யா, சீனா உட்பட 5 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. 19ஆம் தேதி பிரெஞ்சு விமானங்கள் தாக்கத் தொடங்கின. பிறகு அமீரகமும் விமானம் அனுப்பியது. பஹ்ரைனில் கூட்டத்தை அடக்கப் போலீஸ் அனுப்பிய அதே அமீரகம்தான்!

லிபியாவில் கிளர்ச்சியாளர் கையிலிருந்த பெங்காசி நகர மக்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீடு வீடாக வந்து வேட்டையாடுவேன் என்று லிபியாவை ஆண்ட கடாஃபி தொலைக்காட்சியிலேயே கொக்கரித்தார். ஆனால் அவருக்குப் பக்கத்து அரபு மன்னர்களிடமே நண்பர்கள் இல்லை. லிபிய வானில் விமானங்கள் பறக்கத் தடை கேட்டதே அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்தான். பஹ்ரைன் அரசுக்கோ சவூதி இருந்தது, அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைத் தலைமையகமும் அந்த மண்ணில் இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் கேட்ஸ் மனாமாவுக்கு வந்து, சீர்திருத்தத்தை வேகப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் பாலத்தில் அந்த வண்டிகள். வாஷிங்டன் கவலை தெரிவித்தது. கப்பல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மேற்கு நாடுகளை மட்டும் திட்டிவிட்டு இறங்கிவிட எனக்கு மனமில்லை. பஹ்ரைன் மக்களுக்காகக் குரல் எழுப்பிய ஈரான், சிரியாவில் எதிர்ப்பை அடக்கிய அதிபர் அசாத் பக்கம் நின்றது. லிபியாவில் ஏமாந்தோம் என்று சொன்ன ரஷ்யா, அக்டோபர் 4 அன்று சீனாவோடு சேர்ந்து சிரிய அரசைக் கண்டிக்கும் பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை வீட்டோவால் வீழ்த்தியது. அந்த ஆதங்கத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மக்களைக் காக்கக் கொடுத்த அனுமதி, ஆட்சியைக் கவிழ்ப்பதில்தான் போய் முடிந்தது. ஆனால் ரஷ்யாவுக்கும் சிரியாவின் தார்தூஸ் துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருந்தது.

பாலம் கடந்து வந்தவர்கள் அன்று சொன்ன காரணம், பஹ்ரைன் அரசு அழைத்தது என்பது. 2015 செப்டம்பர் 30 அன்று சிரியாவில் குண்டு போடத் தொடங்கிய ரஷ்யாவும் அதையேதான் சொன்னது: அரசு அழைத்தது, வந்தோம்.