பாரம் எங்கே போகும்?

நடுவர் அவர்களே, வணக்கம். முதுகு திறந்த உள்ளாடைக்கு முதலில் வேண்டியது அழகா, வசதியா என்பது கேள்வி. அழகுதான் என்று எதிரணியில் பேசிய சகோதரி, "விசேஷ நாளில் நாலு மணி நேரம் பொறுத்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவோம்?" என்று கேட்டார். அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த உடுப்பு பிறந்ததே பொறுத்துக்கொள்ள மறுத்த ஒரு பெண்ணால். அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் விருந்துக்காக மெல்லிய கவுன் போட்டார். உள்ளே போட்ட கார்செட்டின், அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையின், விறைப்புக் குச்சிகள் துணிக்கு மேல் துருத்தின. கழற்றி வீசிவிட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டையையும் ரோஸ் ரிப்பனையும் பணிப்பெண்ணோடு சேர்ந்து தைத்துக்கொண்டார். 1914 நவம்பரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதில் இருக்கும் பெயரே 'முதுகில்லா பிராசியர்', அதாவது முதுகில்லா பிராதான்!

அழகு கெட்டதால்தானே கழற்றினார் என்பீர்கள். சரி. ஆனால் டென்னிஸ் மாதிரி கடுமையான ஆட்டத்துக்கும் இதைப் போடலாம் என்று அதே காப்புரிமையில் இருக்கிறதே! நிற்பதற்கு மட்டுமா அவர் உடுப்பு செய்தார்?

பிராவில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது தோள் ஸ்ட்ராப் இல்லை, விலாவைச் சுற்றி வரும் பட்டி. முதுகைத் திறந்தால் அந்தப் பட்டி போய்விடும். பாரம் எங்கே போகும்? பட்டியை இடுப்புக்கு இறக்கலாம், பக்கவாட்டில் குச்சி வைத்து இறுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் தோலில் ஒட்டும் சிலிக்கோன் கப். அப்போது முழுப் பாரமும் தோல்மேல்தான்.

என் அண்ணன் மகள் வரவேற்புக்கு அதைத்தான் ஒட்டிக்கொண்டாள். மண்டபத்தில் ஒரே புழுக்கம். வியர்வை பட்டதும் ஒரு பக்கம் நழுவ ஆரம்பித்தது. போட்டோவுக்கு நிற்கிற ஒவ்வொரு முறையும் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டே நின்றாள். ராத்திரி நான்தான் மெதுவாக உரித்துவிட்டேன். கப் இருந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து, ஓரத்தில் தோல் வழண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலு மணி நேரம் என்றீர்களே சகோதரி, அந்த எரிச்சல் அடங்க நாலு நாளாயிற்று.

அழகுக்காகத் துணியை வெட்டித் திறப்பு விட்ட கட்-அவுட் உள்ளாடையும் இப்படித்தான். துணியில் ஒரு ஓட்டை போட்டால் ஒரு விளிம்பு கூடுகிறது. அங்கே கயிறு மாதிரி மெல்லிய எலாஸ்டிக் வைத்தால் சதையை அறுக்கும். அகலமாக, தட்டையாக முடித்தால் உறுத்தாது. பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது.

அடுத்த விசேஷத்துக்கு எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் போனோம். ஜாக்கெட்டிலேயே கப்பை வைத்துத் தைத்தார், பக்கத் தையலில் குச்சி கொடுத்தார், தோள் சரியாமல் இருக்கப் பின்கழுத்தில் ஒரு நாடா வைத்தார். ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லி, "கையைத் தூக்கு, குனி, உட்கார்" என்றார். பிறகுதான் கடைசித் தையல் போட்டார்.

அன்றைக்குப் பந்தியில் குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றியது அவள்தான். ஒரு முறைகூடக் கை தோள் பக்கம் போகவில்லை. அந்த ஜாக்கெட்டுக்கும் முதுகு முழுக்கத் திறப்புதான், நடுவர் அவர்களே.