காணாமல் போகும் மூன்று அடி

வணக்கம் நேயர்களே. இந்த உரைக்கு என்னைக் கூப்பிட்டவர்கள், பெரிய கடைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்கள். சொல்லலாம். சாய்தளம், லிஃப்ட், அகலமான கதவு, தாழ்வான பில் கவுண்டர், உள்ளே திரும்ப இடமுள்ள கழிப்பறை, வாசலுக்குப் பக்கத்தில் பார்க்கிங். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. புதிதாகக் கட்டுகிற பெரிய கடைகள் பலவற்றில் இதெல்லாம் இருக்கவும் செய்கிறது. ஆனாலும் கடைக்குப் போய்விட்டு வந்தால் எனக்குக் கை வலியும் எரிச்சலும்தான் மிச்சம். அது ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் பதினெட்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஒரு கடை திறந்த முதல் வாரத்தில் போயிருந்தேன். பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் ஒன்றுதான். பளபளவென்று தரை, அலமாரிகளுக்கு நடுவே தாராளமான வழி, நானே எல்லா வரிசைக்கும் போய் வந்தேன், சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அதே கடைக்குப் போனால் வழியைக் காணோம். சுவர் நகரவில்லை, அலமாரி நகரவில்லை, ஆனால் சோப்பு வைத்திருக்கும் வரிசையின் நட்ட நடுவில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதி அட்டைப்பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நடந்து போகிறவர் தோளைக் கொஞ்சம் சாய்த்தால் தாண்டிவிடலாம். எனக்குச் சாய்க்கத் தோள் இருக்கிறது, சக்கரத்துக்கு இல்லையே. திரும்பவும் இடமில்லை. வந்த வழியே முழு வரிசையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு, பின்னால் ட்ராலியோடு வருகிறவர்களிடம் கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். இதற்கு நடுவில் விரல் முட்டி இரண்டு தடவை அலமாரிக் கம்பியில் உரசியது. சக்கர நாற்காலியின் அகலத்தை அளக்கிறவர்கள் நாற்காலியை மட்டும் அளப்பார்கள், சக்கரத்தைத் தள்ளுகிற கை அதற்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பது அளவில் வராது.

அளவு என்று வந்ததால் சொல்கிறேன். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-இல் வந்தது. அதன்படி உள்ள கட்டட விதிகள் வழிக்குக் குறைந்தது 36 அங்குலம் அகலம் கேட்கின்றன. மூன்று அடி. கதவு 32 அங்குலம். நாற்காலி முழு வட்டம் திரும்ப 60 அங்குலம், அதாவது ஐந்தடி. பிரிட்டனில் 2010-இல், இந்தியாவில் 2016-இல் என்று வேறு நாடுகளிலும் சட்டங்கள் உண்டு. ஐ.நா.வின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒன்பதாவது பிரிவு முழுக்க அணுகல் வசதி பற்றியதுதான். ஆனால் இந்த எண்களையெல்லாம் விட எனக்குப் பிடித்தது அந்த அமெரிக்க விதிகளில் யாரும் அதிகம் பேசாத இரண்டு இடங்கள். ஒன்று, கட்டி வைத்த வசதி எப்போதும் வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும் என்கிறது, பழுது பார்க்கும்போது தற்காலிகமாக நின்றால் மட்டும் பரவாயில்லை. இன்னொன்று, நாற்காலி நுழையக்கூடிய பில் கவுண்டர்கள் கடை நடக்கிற நேரத்தில் போதுமான எண்ணிக்கையில் திறந்திருக்க வேண்டும் என்கிறது. எழுதியவர் யாரோ, கடைக்குப் போய் அடிபட்டவராகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அகலமான கவுண்டர் என்பது பெரும்பாலான கடைகளில் ஓரத்தில் இருக்கும், மேலே நீல நிறத்தில் நாற்காலிப் படம் இருக்கும், குறுக்கே ஒரு சங்கிலி இருக்கும். கேட்டால், ஆள் இன்றைக்கு லீவு என்பார்கள்.

அதே விதிகளில் ஒரு ஓட்டையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச், கைப்பிடி மாதிரி கையால் இயக்குகிறவை 48 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும் அலமாரிகளுக்கு அந்த உயர வரம்பு கிடையாது. அலமாரி வரைக்கும் போக வழி இருந்தால் போதும், எட்ட வேண்டும் என்றில்லை. வியாபாரத்தில் கண் மட்டத்தில் வைத்த பொருள்தான் ஓடும் என்று ஒரு பாடம் உண்டு. யாருடைய கண் என்று பாடத்தில் இல்லை. என் கண் தரையிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு நேரே இருப்பது பெரும்பாலும் யாரும் வாங்காத பெரிய சைஸ் பொட்டலம்.

சரி, ட்ராலிக்கு வருகிறேன். நடக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. கடை ட்ராலியை 1937-இல் சில்வன் கோல்ட்மேன் என்ற அமெரிக்கக் கடை முதலாளி கொண்டுவந்தார். கைக்கூடை நிறைந்துவிட்டால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்துத்தான் அதைச் செய்தார். என் நிலைமை இன்னும் அந்தக் கைக்கூடை காலத்திலேயே நிற்கிறது. இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும்போது ட்ராலியை எதைக்கொண்டு தள்ளுவது? கூடையை மடியில் வைத்துக்கொள்வேன். பிளாஸ்டிக் கூடை, அடிப்பக்கம் வழுவழு. நாலு பொருள் சேர்ந்ததும் முன்னால் சரியும், சக்கரத்தைத் தள்ளக் குனிந்தால் கூடையின் விளிம்பு விலாவில் குத்தும், தரைச் சரிவு கொஞ்சம் இறங்கினால் முழங்காலைத் தாண்டிப் போகும். ஒரு தடவை திரவ சோப்பு பாட்டில் விழுந்து உடைந்து, நான் அதன் மேலேயே சக்கரத்தை ஏற்றி, கடை முழுக்க என் தடம் நுரையாகப் போனது. சிரிப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்த பிறகு. நாற்காலியின் முன்பக்கம் மாட்டிக்கொள்கிற ட்ராலி என்று ஒன்று உண்டு. சில கடைகள் வாங்கியும் வைத்திருக்கின்றன. எங்கே என்று கேட்டால் செக்யூரிட்டி இன்னொருவரைக் கூப்பிடுவார், அவர் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போவார். பேட்டரி வண்டி வைத்திருக்கும் கடைகளில் வண்டி வாசலிலேயே நிற்கும், சார்ஜ் மட்டும் இருக்காது. ராத்திரி அதைப் பிளக்கில் சொருகுவது யாருடைய வேலை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ட்ரையல் ரூம் பற்றி நீட்டப் போவதில்லை. பெரிய ட்ரையல் ரூமை ஹேங்கர் போட்டு வைக்கிற கோடவுனாக மாற்றாத கடையை நான் இதுவரை இரண்டு பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பார்வையில்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பிரச்சினை வழி இல்லை, பாட்டில். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒரே அச்சில் வார்த்த பாட்டிலில் வரும், தடவிப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஜப்பானில் காவோ என்ற நிறுவனம் 1991-லேயே இதற்கு வழி கண்டது. ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் சின்னச் சின்ன வரிகள் மேடாக இருக்கும், மற்றதில் இருக்காது. மற்ற நிறுவனங்களும் அதையே போடட்டும் என்று விட்டுவிட்டார்கள், அங்கே அது வழக்கமாகிவிட்டது. குளிக்கும்போது சோப்புக் கண்ணில் போகாமல் இருக்க எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறோம் இல்லையா, அப்போது அந்த வரி எல்லோருக்கும்தான் உதவுகிறது.

அவருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் காசு கொடுக்கிற இடத்தில். பழைய கார்டு மெஷினில் பொத்தான் இருந்தது, 5 என்ற எண்ணின் மேல் ஒரு புள்ளி மேடாக இருக்கும், விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எண்கள் தானாக வரும். இப்போது பல இடங்களில் வழவழவென்று கண்ணாடித் திரை. போன தடவை கவுண்டரில் இருந்த பெண், பாவம் உதவி செய்யும் எண்ணத்தில்தான், 'பின் நம்பரைச் சொல்லுங்க சார், நான் போட்டுடறேன்' என்றாராம். பின்னால் ஏழெட்டுப் பேர் கியூவில். அவர் வாங்க வந்ததை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். தானே பில் போட்டுக்கொள்கிற மெஷின்கள் வந்த பிறகு, அந்தப் பெண்ணும் இல்லாத இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

காது கேட்காதவர்களுக்கு வேண்டியதில் பாதி, கவுண்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுவது. செலவே இல்லாத வசதி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் பாட்டுச் சத்தம், விளக்கு, ஸ்கேனர் பீப் என்று வரிசையாகச் சொல்வார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற இடங்களில் சில கடைகள் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, அமைதி நேரம் என்று வைக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் அதை வேலை நாளில், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் வைத்தால், அந்தப் பெற்றோர் வேலைக்குப் போகிற நேரமும் அதுதானே. அப்புறம் பெஞ்ச். முழங்கால் வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், இதயக் கோளாறு உள்ளவர்கள், எல்லோருக்கும் நடுவில் உட்கார ஒரு இடம் வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எதுவும் வாங்குவதில்லை என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல. உட்கார இடமில்லாதவர் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறாரே, அந்தக் கணக்கு எதில் வருமோ தெரியவில்லை. உலக மக்களில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு ஏதாவது இருக்கிறது, மொத்தம் 130 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் கையிலும் காசு இருக்கிறது.

ஊழியர்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை, நிஜமாகவே. கேட்காமல் பின்னால் வந்து நாற்காலியைத் தள்ளுகிறவர்கள் மட்டும் பயமுறுத்துவார்கள். யோசித்துப் பாருங்கள், நீங்கள் நின்று ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ இடுப்பைப் பிடித்து இரண்டடி தள்ளி வைத்தால் எப்படி இருக்கும்? அப்புறம் என் தங்கை கூட வந்தால், சட்டை எனக்கு, காசு என்னுடையது, கேள்வி மட்டும் அவளுக்குப் போகும், 'சாருக்கு என்ன சைஸ் மேடம்?' என்று. அவளும் விடமாட்டாள், எனக்கு எப்படித் தெரியும், அவரிடமே கேளுங்கள் என்பாள்.

இதெல்லாம் எதற்கு, உட்கார்ந்த இடத்திலிருந்து ஆன்லைனில் வாங்க வேண்டியதுதானே என்று கேட்கிற நேயர் ஒருவராவது இருப்பீர்கள். வாங்குகிறேனே. என் நண்பரும் முயற்சி செய்தார், அவருடைய போன் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும், அந்தக் கடையின் ஆப் 'படம், படம், பட்டன், பட்டன்' என்றது. படத்தில் இருப்பது சட்டையா சாக்ஸா என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதை விடுங்கள். கடைக்குப் போவது பொருளுக்காக மட்டுமா? துணியைத் தொட்டுப் பார்ப்பது, வேண்டாததை எடுத்துவிட்டுத் திருப்பி வைப்பது, தெரிந்தவர் யாராவது எதிரே வருவது, ஒன்றும் வாங்காமல் வெளியே வருவது. பட்டியலைக் கொடுங்கள், நாங்களே எடுத்து வந்து தருகிறோம் என்று அன்போடு சொல்லும் மேனேஜர்களுக்கு நான் சொல்வது, எனக்குச் சும்மா சுற்றிப் பார்க்க வேண்டும் சார்.

நான் முதலில் சொன்ன கடையின் மேனேஜரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசினேன். சாய்தளம், லிஃப்ட் எல்லாம் விதிப்படி இருக்கிறதே என்றார், வரைபடத்தைக்கூட எடுத்துக் காட்டினார். அது வரைபடம் போட்ட நாளில் சரியாக இருந்தது, மத்தியானத்துக்குள் போய்விடுகிறது என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. உங்களிடம் இருப்பதிலேயே அகலமான காலி ட்ராலி ஒன்றை எடுத்துத் தினம் ஒரு ஆளை எல்லா வரிசையிலும் ஒரு சுற்று தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், சிக்கிய இடத்தில் எதை நகர்த்த வேண்டுமோ அதை நகர்த்தட்டும், அப்படியே பேட்டரி வண்டி பிளக்கில் இருக்கிறதா, அகலக் கவுண்டரின் சங்கிலி கழற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடட்டும், இருபது நிமிட வேலை என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

போன வாரம் போயிருந்தேன். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. சோப்பு வரிசையில் ஒரு பையன் காலி ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பழைய இடத்திலேயே மறுபடி ஒரு பெட்டிக் கோபுரம். ட்ராலி முட்டி நின்றது. சலிப்போடு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரமாக அடுக்கினான். நான் வரிசையின் இந்தக் கோடியில் இருந்தேன், அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அடுக்கி முடித்துவிட்டு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.