ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு நிமிடம்

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பள்ளியின் எதிர்காலத்தைத் திட்டமிடும்போது அந்த ஊர் மக்களை எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைக்க வேண்டும் என்பதை இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எப்போது அழைப்பது, அழைத்தபின் அவர்கள் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்விகளில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இதைச் சொல்வதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். மக்களுக்கு மிகப் பெரிய அதிகாரத்தைக் கொடுத்துப் பார்த்ததும், கொடுத்ததைச் சுற்றிவளைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டதும் ஒரே நகரத்தில் நடந்திருப்பதால், நாம் கற்றுக்கொள்வதற்கு அங்கே நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்பது வருவாய் மாவட்டத்தைப் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது. அதற்கென ஒரு கல்வி வாரியம் உண்டு, பெரும்பாலும் சொத்துவரியிலிருந்து தனக்கென வருவாயும் உண்டு. நாடு முழுவதும் சுமார் 13,000 மாவட்டங்கள் இப்படி இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வாரிய உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சிகாகோ நகரம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். 2013இல் அதில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் படித்தார்கள். ஆனால் அங்கே வாரியத்தை மேயர் நியமிக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

1987ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அந்த நகரத்து ஆசிரியர்கள் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய கோபம் ஆசிரியர்களோடு நிற்கவில்லை, பள்ளி மாவட்ட அலுவலகத்தோடும் நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரும் முடிவெடுக்கிறார்களே என்பதுதான் அந்தக் கோபத்தின் அடிப்படை. நகரத்தின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டன் அந்தக் கோபத்தை அடக்கப் பார்க்காமல், பெற்றோரையும் சமூக அமைப்புகளையும் சீர்திருத்தப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். அந்த நவம்பரிலேயே அவர் மறைந்தார். ஆனாலும் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1988இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் சிகாகோ பள்ளிச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர்ப் பள்ளி மன்றத்தை அமைத்தது. ஆறு பெற்றோர், அந்தப் பகுதியில் குடியிருக்கும் இருவர், ஆசிரியர் இருவர், பள்ளி முதல்வர் என்று பதினொரு பேர். உயர்நிலைப் பள்ளியானால் கூடுதலாக ஒரு மாணவர். பெற்றோரே பெரும்பான்மை என்பதைக் கவனியுங்கள். மன்றத்துக்குக் கிடைத்த அதிகாரம் அதைவிட முக்கியமானது. நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் முதல்வரைத் தேர்ந்தெடுப்பதும், அவர் பணியை மதிப்பிடுவதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் மன்றத்தின் வேலை. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கும் செலவுத் திட்டத்துக்கும் மன்றம் ஒப்புதல் தர வேண்டும். 1989 அக்டோபரில் நடந்த முதல் தேர்தலில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பதிவாகி, ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்கள் உறுப்பினர்களானார்கள். அதுவரை பள்ளி வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிய தாய்மார்கள், முதல்வர் பதவிக்கு வந்தவர்களை நேர்காணல் செய்யும் மேசையில் அமர்ந்தார்கள்.

இதனால் குழந்தைகளின் படிப்பு உயர்ந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயமான கேள்வி. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நானூறுக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளின் 1990களின் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். எல்லாப் பள்ளியும் முன்னேறவில்லை, சில இருந்த இடத்திலேயே நின்றன. முன்னேறிய பள்ளிகளில் என்ன இருந்தது என்று பார்த்தபோது ஐந்து கூறுகள் தெரிந்தன: நல்ல தலைமை, பெற்றோரோடும் ஊரோடும் உறவு, ஆசிரியர்களின் தொழில்திறன், மாணவரை மையமாகக் கொண்ட சூழல், ஒழுங்கான பாடத்திட்டம். இவற்றில் பெரும்பாலானவற்றில் வலுவாக இருந்த பள்ளிகள், பெரும்பாலானவற்றில் நலிந்திருந்த பள்ளிகளைவிட முன்னேறும் வாய்ப்பு பத்து மடங்கு அதிகம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பெற்றோர் உறவு இந்த ஐந்தில் ஒன்று. அது இருந்தால் மட்டும் போதும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வாக்களிக்கும் முறை சமமானதாக இல்லை என்று 1990இல் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்ததால் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. முதல் தேர்தலின் உற்சாகம் அடுத்தடுத்த தேர்தல்களில் வடிந்தது. செலவுத் திட்டத்தைப் படிக்கத் தெரியாத உறுப்பினர் முதல்வர் நீட்டிய தாளில் கையெழுத்திடுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? அதனால்தான் பின்னாளில் உறுப்பினர்களுக்குப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

சட்டத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. மன்றங்களுக்குத் தத்தம் பள்ளியின் மீதுதான் அதிகாரம். பள்ளி மாவட்டம் முழுவதற்குமான திட்டம், அதாவது எந்தப் பகுதியில் எத்தனை பள்ளிகள் இருக்க வேண்டும், எந்தப் பள்ளி திறக்கப்படும், எது மூடப்படும் என்ற முடிவுகள், மன்றத்தின் மேசைக்கு வரவே இல்லை. 1995இல் மாநிலச் சட்டமன்றம் வாரியத்தை முழுமையாக மேயரின் கையில் கொடுத்தது. வீட்டின் உள்ளறையை அலங்கரிக்கும் உரிமை பெற்றோரிடம் இருந்தது. வீடு இருக்குமா இடிக்கப்படுமா என்பதை வேறொருவர் முடிவு செய்தார்.

அதன் விளைவு 2013இல் தெரிந்தது. 5,11,000 மாணவர்களுக்கு இடம் இருக்கிறது, 4,03,000 பேர்தான் படிக்கிறார்கள் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்து, பாதி காலியான பள்ளிகளை மூட வேண்டும் என்றது. மக்கள்தொகை குறைந்தது உண்மை, நிதிப் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் ஒரு பள்ளி காலியாக இருக்கிறது என்பதை எப்படி அளந்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஒரு தொடக்கப் பள்ளியில் நாற்பது வகுப்பறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, சொல்லப்போனால் முப்பது அறைகள், வழக்கமான வகுப்புகளுக்கானவை என்று மாவட்ட நிர்வாகத்தின் கணக்குச் சூத்திரம் கொள்கிறது. ஓர் அறைக்கு முப்பது குழந்தைகள். ஆக, அந்தப் பள்ளியின் சிறந்த அளவு 900. இதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 720 பேருக்குக் கீழே போனால், அது 'முழுமையாகப் பயன்படாத பள்ளி'. அறைக்கு முப்பத்தாறு பேரை அடைத்தாலோ, அது 'திறமையான பயன்பாடு'. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான வகுப்பில் சட்டப்படியே சிலர்தான் இருக்க முடியும். அந்த அறை சூத்திரத்தின் கண்ணுக்குப் பாதி காலி அறையாகத் தெரிந்தது. பெற்றோர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அலுவலகத்தின் வரைபடம் பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்தது; அந்தத் தூரத்துக்குள் எந்தத் தெருவைத் தாண்டினால் வேறொரு அடிதடிக் கும்பலின் எல்லைக்குள் பிள்ளை நுழைகிறான், எந்த முனையில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். பள்ளிகளை மூடியபின், குழந்தைகள் பாதுகாப்பாக நடந்துபோக அந்த வழிகளில் ஊழியர்களை நிறுத்தும் திட்டத்தை மாவட்டமே விரிவாக்க நேர்ந்தது. முதலிலேயே பெற்றோரிடம் கேட்டிருந்தால், அந்த வழிகள் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருந்திருக்கும்.

கூட்டங்கள் நடக்கவில்லையா என்றால், நடந்தன. எண்ணிக்கையில் ஏராளமாகவே நடந்தன. மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், பிள்ளைகளும் வந்து பேசினார்கள். வாரியக் கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். ஒரு பள்ளிக்கூடத்தின் ஐம்பது ஆண்டுகளை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும்; சொல்லி முடித்தால் 'நன்றி, அடுத்தவர்'. பட்டியல் தயாரான பிறகு நடந்த அந்தக் கூட்டங்களால் நான்கே பள்ளிகள் பட்டியலிலிருந்து நீங்கின. 2013 மே மாதத்தில் சுமார் ஐம்பது பள்ளிகளை மூட வாரியம் வாக்களித்தது. அங்கே படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். ஐந்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த பல்கலைக்கழக ஆய்வு, மூடப்படும் என்ற அறிவிப்பு வந்த அந்த ஆண்டிலேயே குழந்தைகளின் படிப்பு பின்னடைந்ததையும், குடும்பங்களும் ஆசிரியர்களும் ஒரு சாவைப் போல அந்த இழப்பைத் துக்கம் காத்ததையும் பதிவு செய்தது.

மக்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள், அவர்களுக்குத் திட்டம் போடத் தெரியாது என்று சொல்பவர்கள் டயெட் உயர்நிலைப் பள்ளியின் கதையைக் கேட்க வேண்டும். நகரின் தென்பகுதியில், தலைமுறை தலைமுறையாக இசைக் கலைஞர்களை உருவாக்கிய வால்டர் டயெட் என்ற ஆசிரியரின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. அதைப் படிப்படியாக மூட 2012இல் வாரியம் முடிவு செய்தது. 2015இல் கடைசி வகுப்பில் பதின்மூன்று மாணவர்களே மிஞ்சினார்கள். ஆனால் அப்பகுதிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கல்வியாளர்களும் கூடி, உலகளாவிய தலைமைப் பண்பையும் பசுமைத் தொழில்நுட்பத்தையும் மையமாகக் கொண்ட ஒரு பொதுப் பள்ளிக்கு முழுத் திட்டத்தையே எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்துக்கு விடை வராமல் இழுபட்டுக்கொண்டே போனதால், 2015 ஆகஸ்டில் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். முப்பத்து நான்கு நாள். பள்ளிக்கூடம் வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் முப்பத்து நான்கு நாள் சோறில்லாமல் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2016இல் அந்தப் பள்ளி கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாகத் திறக்கப்பட்டது. மக்கள் எழுதிய திட்டம் அதுவன்று; ஆயினும் கதவு திறந்தது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 22ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை அந்தக் குழுவிடமே தருகிறது. மத்திய விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம்; ஒவ்வோர் ஆண்டும் எந்த வகுப்பில் எத்தனை பேர் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாகத் தேவை, என்ன கட்டடம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். எழுத்தளவில் பார்த்தால் சிகாகோ பெற்றோருக்குக் கிடைத்த மேசை நமக்கும் கிடைத்திருக்கிறது.

ஒரு பெற்றோராக நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில், திட்டப் படிவம் முன்பே நிரப்பப்பட்டு வந்தது. பதிவேடு கை மாறிக்கொண்டே வந்தது, எல்லோரும் கையெழுத்திட்டோம். கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு, "சார், மாசி பிறந்தால் பின்பக்கக் குழாயில் தண்ணீர் வராது, பெரிய பெண்பிள்ளைகள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அது இதில் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். எழுதவில்லை. அந்தப் படிவத்தில் சுற்றுச்சுவர் இருந்தது, வண்ணம் பூசுவது இருந்தது. பெண்பிள்ளைகள் நண்பகலில் வீடு திரும்பும் காரணம் இல்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது எந்தக் கணினிப் பட்டியலிலும் இல்லாத செய்தி.

ஆகவே நான் கேட்பது இதுதான். திட்டத்தின் வரைவு எழுதப்படுவதற்கு முன் குழு கூட வேண்டும். எதை வைத்து அளக்கப் போகிறோம் என்பதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் முப்பது பேர் ஓர் அறை என்ற ஒற்றை எண் ஐம்பது பள்ளிகளின் விதியை எழுதியதை இப்போது பார்த்தோம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்க வேண்டும். மக்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தில் எழுத்தில் விடை தர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். விடை கிடைக்காத இடத்துக்கு மக்கள் இரண்டாம் முறை வருவதில்லை.

சிகாகோவில் இன்னொரு கட்டம் தொடங்கியிருக்கிறது. தொடர்ந்து போராடியதன் பலனாக, வாரியத்தை மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டம் 2021இல் வந்தது. 2025 வரை பள்ளிகளை மூடக் கூடாது என்ற தடையும் அதிலேயே இருந்தது. 2024 நவம்பரில் வரலாற்றில் முதல்முறையாகப் பத்து உறுப்பினர்கள் மக்கள் வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2026 நவம்பர் தேர்தலுக்குப் பின் இருபத்தொரு இடங்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவை என்பது சட்டத்தின் ஏற்பாடு. காலி வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கேள்வி புதிய வாரியத்தின் முன்னும் வரத்தான் போகிறது. 2013இல் தன் பள்ளி மூடப்பட்டபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த குழந்தைக்கு அந்த 2026 தேர்தலின்போது இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும்.