இரும்புக்கை மாயாவிக்கு ரேஷன் கார்டு எதற்கு?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, எதிரணி நண்பர்களே, சுண்டல் தீர்ந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். மிச்ச வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

தொடராக வரும் காமிக்ஸில் வாசகரைக் கட்டிப்போடுவது கதாபாத்திரமா, கதை நடக்கிற உலகமா என்பது தலைப்பு. நான் கதாபாத்திரத்தின் பக்கம். தலைப்பைப் பற்றி நிறையத் தயாரித்துக்கொண்டு வந்தேன். அதையெல்லாம் எதிரணித் தம்பி கெடுத்துவிட்டார்.

தம்பி என்ன கேட்டார்? "கதாபாத்திரம் கதாபாத்திரம் என்கிறீர்களே, உங்கள் இரும்புக்கை மாயாவிக்கு ஊர் உண்டா? தெரு உண்டா? சொந்தபந்தம் உண்டா? ஒரு ரேஷன் கார்டாவது உண்டா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்ல நக்கலுக்குக் கட்சி பார்க்கக் கூடாது. ஆனால் தம்பி, கேட்டுவிட்டீர்கள் இல்லையா, இனி நான் விட மாட்டேன்.

முதலில் உங்கள் ஆளின் ரேஷன் கார்டைப் பார்த்துவிடுவோம். உலகம் என்றால் முகமூடி போட்ட காட்டு வீரர் வேதாளரின் உலகம்தான் உலகம் என்று உருகினீர்கள். மண்டையோட்டுக் குகை, பந்தர் குள்ளர்கள், முரசுச் செய்தி, வெள்ளைக் குதிரை. சரி. வேதாளரை அப்படியே முகமூடியோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போவோம்.

குடும்பத் தலைவர் பெயர்? கிட் வாக்கர். அப்பா பெயர்? கிட் வாக்கர். மகன் பெயர்? அவனும் கிட்தான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். வயது? காட்டில் யாரைக் கேட்டாலும் 1536-லிருந்து இவர் ஒருவரே உயிரோடு இருப்பதாகத்தான் சொல்வார்கள். அப்பன் செத்தால் பிள்ளை அதே உடுப்பை மாட்டிக்கொள்கிறான், இப்போது இருப்பவர் இருபத்தோராவது ஆள் என்ற ரகசியம் நமக்குத்தானே தெரியும்! "ஐயா, முதியோர் உதவித்தொகைக்குப் பக்கத்து கவுண்டர்" என்பார் அதிகாரி. அப்புறம் போட்டோ. முகமூடியைக் கழற்றச் சொல்ல முடியுமா? வேதாளரின் முகத்தைப் பார்த்தவன் கோரமாகச் சாவான் என்பது காட்டு வாக்கு. போட்டோ எடுக்கிற பையன் கேமராவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

இதையெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம். முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? 1936-ல் லீ ஃபாக் இந்தக் கதையைத் தொடங்கியபோது அந்தக் காடு ஆசியாவில், நம் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. போகப் போக ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. ஒரு காடே கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறது, ஒரு காகிதம் கிடையாது! பெயர் பங்கல்லா. நம் இந்திரஜால் காமிக்ஸில் அதுவும் டெங்காலி ஆனது. நம்மூர் ராணி காமிக்ஸுக்கு வந்தபோது வேதாளரின் பெயரே மாயாவி. ஊர் மாறி, கண்டம் மாறி, கடைசியில் ஆளின் பெயரும் மாறிவிட்டது. உலகம்தான் எல்லாம் என்றால் இந்தக் குளறுபடிக்கு வாசகன் புத்தகத்தை வீசி எறிந்திருக்க வேண்டாமா? எறிந்தானா? அட்டை கிழிந்தால் கோந்து போட்டு ஒட்டி வைத்துக்கொண்டான்.

"மண்டையோட்டுச் சத்தியமும் உலகம்தானே" என்று தம்பி அங்கே உட்கார்ந்து முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. குகைக்குள் மண்டையோடு கிடந்தால் அது அலங்காரம், அவ்வளவுதான். தன் அப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் ஒரு பிள்ளை கை வைத்துச் சத்தியம் செய்கிறானே, அங்கேதான் கதை தொடங்குகிறது.

டயானாவை மறந்துவிட்டேன், தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். 1936-ல் முதல் கதையிலேயே வந்த பெண். கல்யாணம் எப்போது தெரியுமா? 1977-ல்! நாற்பத்தோரு வருஷம். நம் ஊரில் நிச்சயம் செய்து நாற்பத்தோரு நாள் தள்ளிப்போனாலே பெண் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். அந்த அம்மா காத்திருந்தார். வாசகர்களும் கூடவே காத்திருந்தார்கள். யாருக்காக? குகையில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளவா?

சரி, இப்போது எங்கள் ஆள். இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனில் வேலியன்ட் என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர். பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூடத்து உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக் கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை இப்போது பார்த்தாலும் கை சிலிர்க்கும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இவரைத்தான் தமிழுக்குக் கொண்டுவந்தது. தம்பிக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த லூயிஸ் முதலில் நல்லவன் இல்லை. சக்தி கிடைத்ததும் வங்கியைக் கொள்ளையடித்தவன். பிறகு மனம் திரும்பி நிழற்படை என்ற ரகசியப் படையில் உளவாளி ஆனவன். ஒரு மனிதன் கெட்டு, திருந்தி, பொறுப்புக்கு வருகிறான். இதைவிட ஒரு கதாபாத்திரத்துக்கு வேறென்ன வேண்டும்? உடம்பு மறைகிறது சரி, சட்டையும் பேண்ட்டும் எப்படி மறைகிறது என்று எங்களில் ஒருத்தன் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த உலகம் அன்றைக்கே இடிந்திருக்கும்.

எங்கள் வீட்டிலேயே ஒரு மாயாவி இருந்தான். என் பெரியப்பா மகன். அப்போது எட்டு ஒன்பது வயது. கிழிந்த சாக்ஸை வலது கையில் மாட்டி, அதன்மேல் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொள்வான். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக, கீறல் விழாமல் நகத்தால் நீவி நீவி ஒட்டுவான். கரண்ட் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் டார்ச் பேட்டரியை நாக்கு நுனியில் வைத்து, 'சுர்ர்' என்று அவனே சத்தம் கொடுப்பான். முடிந்தது. ஆள் மறைந்தாயிற்று.

ஒரு மத்தியானம் இப்படி மறைந்து அடுக்களைக்குள் வருகிறான். அப்பத்தா அரிவாள்மனையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்குகிறது. இவன் கையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு பூனை நடை நடக்கிறான். அப்பத்தா நிமிர்ந்து பார்த்தது. "ஆத்தாடி, இதென்ன, ஒரு கை மட்டும் வருது!" என்றது. கை முறுக்குத் தூக்கைத் திறந்தது. இரண்டு முறுக்கை எடுத்தது. போய்விட்டது. என் அம்மா வந்து, "ஏன் அத்தை, தூக்கு திறந்து கிடக்கு?" என்றால், அப்பத்தா சொல்கிறது: "எனக்கென்னம்மா தெரியும்? ஒரு கை வந்துச்சு, எடுத்துச்சு, போயிருச்சு."

கை அடுத்து திண்ணைக்குப் போனது. பெரியப்பா பேப்பர் படிக்கிறார். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவியது. பெரியப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டு, "இந்தக் காலத்துல பேனா கூடத் தானா நடக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்துவிட்டார். விஷயம் தெரியாதவர். "ஏண்டா, கையில வெள்ளித்தாளைச் சுத்திக்கிட்டு நடுக்கூடத்துல நிக்கிறே?" வீடே உறைந்துபோனது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுக்களையிலிருந்து அப்பத்தா குரல் வந்தது, பாருங்கள்: "ஏ புள்ள, யாரைக் கேட்கிறே? எங்களுக்குக் கை மட்டுந்தானே தெரியுது. உனக்கு முழு ஆளும் தெரியுதா? மொதல்ல போயி கண்ணைக் காட்டு!"

எதிர்வீட்டு அக்காவும் கெட்டிக்காரி. ஒரு நொடி யோசித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆமா பெரியம்மா, இப்பக் கைதான் தெரியுது" என்றார். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் ஒரு கை மட்டும் அலைந்துகொண்டிருந்தது. பெட்டிக்கடைக்காரர் கைக்குக் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டு, "ஆள் வந்து காசு தரட்டும்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

நடுவர் அவர்களே, நானும் விடுவேனா? மறுநாள் நானும் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு, பேட்டரியை நக்கிவிட்டு அடுக்களைக்குள் போனேன். கையை நீட்டினேன். என் அம்மாவுக்கு நான் முழுசாகத் தெரிந்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. அதே தாள், அதே பேட்டரி, அதே முறுக்கு. அவன் மட்டும் மறைகிறான், நான் மட்டும் அடி வாங்குகிறேன். இது என்ன நியாயம்? அதற்கு அப்புறம் வருகிறேன்.

எதிரணியின் மற்ற வாதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டுமாம், நடுவர் கையைக் காட்டுகிறார். 1997-லிருந்து ஓடும் ஜப்பானியக் காமிக்ஸ் ஒன் பீஸைப் பாருங்கள், எய்ச்சிரோ ஓடா கடல் கடலாக, தீவு தீவாக ஒரு உலகத்தையே கட்டியிருக்கிறார் என்றார்கள். கட்டியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்க வாசகர்கள் எந்த இடத்தில் அழுதார்கள்? கோயிங் மெர்ரி என்ற கப்பலுக்குத் தீ வைத்து வழியனுப்பும் இடத்தில். ஏன்? இன்னும் கொஞ்ச தூரம் உங்களைச் சுமந்து போக ஆசைப்பட்டேன் என்று அந்தக் கப்பல் பேசுகிறது. மரக்கட்டை ஒரு ஆளான பிறகுதான் கண்ணீர் வந்தது.

சூப்பர்மேன் 1992-ல் செத்து அடுத்த வருஷமே திரும்பி வந்துவிட்டார், உலகத்துக்கு உறுதியான விதி இல்லாவிட்டால் சாவுக்கும் மதிப்பில்லை என்றார் எதிரணித் தங்கை. மிக நல்ல வாதம். அதனால் அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

தினத்தந்தி கன்னித்தீவுக்கு வருவோம். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தினமும் இரண்டு மூன்று கட்டம். இழுத்தடிக்கிற எதையும் 'சிந்துபாத் கதை' என்கிறோமே, அந்தக் கதை. கன்னித்தீவுக்கு மேப் வரைய இங்கே யாராவது ஒருத்தர் கை தூக்குங்கள், பார்ப்போம். ஆனால் மந்திரவாதி மூசா லைலாவைச் சின்ன உருவமாக ஆக்கிவிட்டான் என்பது டீக்கடையில் ஓசிப் பேப்பர் படித்தவருக்குக்கூடத் தெரியும். தம்பி, ரேஷன் கார்டு என்றீர்களே, லைலாவுக்கு ஒரு யூனிட்டா அரை யூனிட்டா? அடுத்த சுற்றில் பதில் வேண்டும்.

மணி அடிக்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். டெக்ஸ் வில்லர். 1948-ல் இத்தாலியில் போனெல்லி எழுத, கலெப்பினி வரையத் தொடங்கிய கதை. லயன் காமிக்ஸ் வழியாக நம் வீடுகளுக்கு வந்தது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்கள் 'இரவுக் கழுகு' என்று கூப்பிடும் கௌபாய் வீரன். பாலைவனம், பள்ளத்தாக்கு, துப்பாக்கி எல்லாம் எதிரணி சொன்னதுதான். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டெக்ஸைக் கட்டி வைத்துக் கொல்லப்போகும் நேரத்தில் நவஹோ தலைவரின் மகள் லிலித் அவனைக் கல்யாணம் செய்துகொண்டு காப்பாற்றுகிறாள். பிறகு நோய்க்கிருமி ஏறிய கம்பளிகளைக் கயவர்கள் விற்றுவிட, அம்மை கண்டு செத்துப்போகிறாள். கைக்குழந்தையாக ஒரு மகன், கிட். டெக்ஸ் மறுபடி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எத்தனையோ நூறு கதைகள் வந்துவிட்டன. இன்றைக்கும் அப்பனும் மகனும் சேர்ந்து குதிரையில் போகிறார்கள்.

எங்கள் பெரியப்பா வேறு எந்தக் காமிக்ஸும் தொட மாட்டார். டெக்ஸ் மட்டும் படிப்பார். ராத்திரி மில்லிலிருந்து வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நாற்பது வாட்ஸ் பல்புக்கு அடியில் உட்கார்ந்து படிப்பார். வேறு இடத்தில் பெண் பார்க்கலாம் என்று அப்பத்தா பேச்செடுத்தால் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார். ஒருநாள் நான் கேட்டேன், அப்படி என்ன பெரியப்பா இதில் இருக்கிறது என்று. "இவனும் பிள்ளையைக் கூடவே வச்சுக்கிட்டுத்தாண்டா அலையறான்" என்றார்.

பெரியம்மா போனது அந்த முறுக்கு வருஷத்துக்கு முந்தின தை மாசம். அம்மா இல்லாத பிள்ளை வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு, 'நான் யாருக்கும் தெரிய மாட்டேன்' என்று வந்து நிற்கிறது. வீடும் தெருவும் சேர்ந்து, 'ஆமாம்டா, தெரியவில்லை' என்றன. எனக்கு அம்மா இருந்தாள், அதனால் நான் தெரிந்தேன், அடியும் வாங்கினேன்.

தம்பி, இதற்கு எந்த நாட்டு வரைபடத்தில் இடம் குறிப்பீர்கள்? வாதமாக இது நிற்காது என்று நடுவர் சொல்லலாம், சொல்லட்டும்.

அந்த மாயாவி இன்றைக்கு எங்கள் ஊரில் எலக்ட்ரீஷியன். விதியைப் பாருங்கள்! இப்போது இந்தக் கூட்டத்தில்தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், என்னைக் கேட்காமல் இதையெல்லாம் மேடையில் சொல்லிவிட்டாயே என்று முறைத்துக்கொண்டு. யாரும் திரும்ப வேண்டாம். திரும்பினாலும் தயவுசெய்து அவன் தெரியாத மாதிரியே இருங்கள். நன்றி, வணக்கம்.