பணம் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்ற மாநிலம்: வட கரோலினாவின் மெடிகெய்டு கதை

(திரையில்: வட கரோலினா வரைபடம். கீழே "2023-இன் தொடக்கம்" என்ற எழுத்து.)

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2023-இன் தொடக்கம், வட கரோலினாவில் இரண்டு பேர். இருவருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, இருவருக்கும் உணவகத்தில் வேலை. ஒருவருக்கு வருடத்துக்கு 15,000 டாலர் வருகிறது. இன்னொருவருக்கு ஷிஃப்ட் குறைவு, 12,000 தான். இருவரும் மருத்துவக் காப்பீடு தேடிப் போகிறார்கள். 15,000 வாங்குபவருக்கு மத்திய அரசின் மானியம் உண்டு, மாதப் பிரீமியமே கட்டாமல் ஒரு பாலிசி எடுத்துவிடலாம். 12,000 வாங்குபவருக்கு? ஒன்றுமே கிடையாது. மானியமும் இல்லை, ஏழைகளுக்கென்றே இருக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் இல்லை.

ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள். கூட சம்பாதிப்பவருக்கு உதவி, குறையச் சம்பாதிப்பவருக்குக் கைவிரிப்பு. இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஒரு சட்டம், ஒரு தீர்ப்பு, ஒரு மாநிலத்தின் பிடிவாதம், இந்த மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய பள்ளம் இது.

(திரையில்: 1965, 2010, 2012 என்று வருடங்கள் ஒவ்வொன்றாக.)

மெடிகெய்டு 1965-இல் ஜான்சன் அதிபராக இருந்தபோது வந்தது. முதியவர்களுக்கான மெடிகேரும் அதே சட்டத்தில் பிறந்ததுதான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெடிகேரை வாஷிங்டனே நடத்துகிறது. மெடிகெய்டு அப்படியில்லை. செலவை மத்திய அரசும் மாநிலமும் பங்குபோட்டுக்கொள்ளும், நடத்துவது மாநிலம். யாருக்குத் தருவது என்பதிலும் மாநிலத்துக்கு நிறையவே இடம் இருந்தது. வட கரோலினா என்ன செய்தது என்றால், குழந்தைகள், கர்ப்பிணிகள், ஊனமுற்றோர், ஏழை முதியவர்கள், இவர்களுக்கெல்லாம் தந்தது. குழந்தை இல்லாத, உடம்பு நன்றாக இருக்கிற பெரியவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் சேர முடியாது. குழந்தை இருக்கிற பெற்றோருக்கும் வருமான வரம்பு வறுமைக்கோட்டில் பாதிகூட இல்லை.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதைத்தான் மாற்றப் பார்த்தது. 19 வயதிலிருந்து 64 வயது வரை யாராக இருந்தாலும், வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் இருந்தால் மெடிகெய்டு. அதற்கு மேலே இருப்பவர்களுக்கு, தனியார் பாலிசிகளை வாங்கச் சட்டம் உண்டாக்கிய காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு காப்பீடு. புதிதாகச் சேருபவர்களின் செலவை 2014 முதல் 2016 வரை முழுக்க மத்திய அரசே ஏற்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 2020 முதல் 90 சதவீதம். பழைய மெடிகெய்டில் வட கரோலினாவுக்கு வருவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தாராளம் என்று புரியும்.

இந்த விரிவாக்கத்தில் சேர மறுக்கும் மாநிலம் பழைய மெடிகெய்டு பணத்தையும் இழக்கும் என்று சட்டத்தில் ஒரு பிடி இருந்தது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை எடுத்துவிட்டது. தலையில் துப்பாக்கியை வைத்துக் கேட்பது போல இருக்கிறது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அந்தப் பக்கம். சட்டம் பிழைத்தது, ஆனால் மெடிகெய்டு விரிவாக்கம் மாநிலத்தின் விருப்பம் என்று ஆகிவிட்டது.

அந்தப் பள்ளம் இங்கேதான் விழுந்தது. எல்லா மாநிலமும் சேரும் என்ற நம்பிக்கையில், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு சந்தையில் மானியமே எழுதப்படவில்லை. அவர்களுக்குத்தான் மெடிகெய்டு இருக்குமே, எதற்கு மானியம்? மாநிலம் சேரவில்லை என்றால் நம் 12,000 டாலர்காரர் இரண்டுக்கும் நடுவில்.

(திரையில்: ராலி நகரில் உள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடம்.)

வட கரோலினா சேரவில்லை என்பது மட்டுமல்ல, 2013-இல் ஆளுநர் மெக்ரோரி காலத்தில், சட்டமன்ற ஒப்புதல் இல்லாமல் யாரும் விரிவாக்கக் கூடாது என்று தனிச் சட்டமே போட்டுப் பூட்டிவிட்டது. அடுத்து வந்த ராய் கூப்பர் ஜனநாயகக் கட்சி, சட்டமன்றமோ குடியரசுக் கட்சியின் கையில். 2019-இல் விரிவாக்கம் இல்லாத பட்ஜெட்டை கூப்பர் வீட்டோ செய்தார். அதன் பிறகு 2021 நவம்பர் வரை மாநிலத்துக்கு முழுமையான பட்ஜெட்டே இல்லை. பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்காக இரண்டு வருட இழுபறி.

அப்புறம் 2022 மே மாதம், பல வருடங்களாக எதிர்த்து வந்த மாநில செனட் தலைவர் ஃபில் பெர்கரே பத்திரிகையாளர்களைக் கூட்டி, இப்போது ஆதரிக்கிறேன் என்றார். மனசு இளகிவிட்டது என்று சொல்வார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்தது கணக்கு மாறியதுதான்.

என்ன கணக்கு? மாநிலம் தர வேண்டிய அந்த 10 சதவீதம் பொதுக் கஜானாவிலிருந்து வரவில்லை, அதில் பெரும்பகுதியை மருத்துவமனைகள் மீது விதிக்கும் கட்டணத்திலிருந்து எடுக்கிறார்கள். மருத்துவமனைகள் ஏன் ஒத்துக்கொள்கின்றன? காப்பீடு இல்லாதவர் அவசரப் பிரிவில் வந்து படுத்தால் அந்த பில் பெரும்பாலும் வசூலாகாது, அவர் கையில் மெடிகெய்டு அட்டை இருந்தால் வசூலாகும். அதோடு மெடிகெய்டு நோயாளிகளுக்கு மருத்துவமனைகள் வாங்கும் தொகையையும் உயர்த்தும் ஒரு திட்டம் கூடவே வந்தது. இதற்கு மேல் 2021-இல் பைடன் கொண்டுவந்த சட்டம், புதிதாகச் சேரும் மாநிலத்துக்கு அதன் பழைய மெடிகெய்டு செலவிலும் இரண்டு வருடத்துக்கு 5 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தருகிறேன் என்றது. வட கரோலினாவுக்கு அது ஒன்றரை பில்லியன் டாலருக்கும் மேல். சும்மா வருகிற பணத்தை எத்தனை நாள்தான் வேண்டாம் என்பது?

2023 மார்ச் 27 அன்று கூப்பர் கையெழுத்திட்டார். ஒபாமா கையெழுத்திட்டு 13 வருடமும் நான்கு நாளும் ஆகியிருந்தது. அதிலும் ஒரு முடிச்சு: பட்ஜெட் நிறைவேறினால்தான் திட்டம் தொடங்கும். பட்ஜெட் அக்டோபர் வரை இழுத்தது, திட்டம் டிசம்பர் 1-க்குத் தள்ளிப்போனது.

(திரையில்: டிசம்பர் 1, 2023.)

முதல் நாளே சுமார் 2,73,000 பேர் உள்ளே வந்தார்கள். விண்ணப்பம் போட்டு வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறுகிய மெடிகெய்டில் இருந்தவர்கள். அதாவது கருத்தடை மாத்திரைக்கு அரசு பணம் கட்டும், அதே பெண்ணுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அந்த மாத்திரைக்குக் கட்டாது. அவர்களை அப்படியே முழுக் காப்பீட்டுக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்தில் எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டியது.

சரி, இனிமேல் கவலையில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. மத்திய அரசின் பங்கு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் விரிவாக்கத்தையே நிறுத்திவிட வேண்டும் என்று மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் அந்த 90-ஐத் தொடவில்லை. ஆனால் சுற்றி இருப்பதையெல்லாம் தொட்டது. மருத்துவமனைகள் மீது மாநிலம் போடும் கட்டணத்துக்கான வரம்பு 2028 நிதியாண்டிலிருந்து வருடா வருடம் இறங்கி, மருத்துவமனை வருமானத்தில் 6 சதவீதத்திலிருந்து 3.5-க்கு வரும். அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று சற்று முன் பார்த்தோமே, கை வைத்திருப்பது அங்கேதான்.

விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் 2027 ஜனவரி முதல் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியை மறுபடி சரிபார்ப்பார்கள். கடுமையான நோய் உள்ளவர்களுக்கும் 13 வயது வரையிலான குழந்தை இருக்கிற பெற்றோருக்கும் விலக்கு உண்டு. 2018-இல் ஆர்கன்சாஸ் இதே மாதிரி செய்து பார்த்தபோது, நீதிமன்றம் தடுப்பதற்குள் சில மாதங்களிலேயே 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள், அதைப் பதிவு செய்வதில்தான் சிக்கினார்கள்.

ராலி அருகே கேரி, மோரிஸ்வில் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்த விரிவாக்கம் கிடையாது, கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து வருடம் காத்திருப்பு உண்டு. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கு 65 ஆகிவிட்டால் அவர்கள் இந்தப் பிரிவிலேயே வரமாட்டார்கள், அதற்கு விதிகள் வேறு. சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குத் தனியார் பயணக் காப்பீடு எடுப்பதுதான் வழி.

ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள் வீடு மாறினால் புதிய முகவரியை உங்கள் கவுன்டியின் சமூக சேவை அலுவலகத்தில் உடனே மாற்றிவிடுங்கள். மாநிலத்தின் 100 கவுன்டிகளிலும் மெடிகெய்டு வேலையைப் பார்ப்பது அந்த அலுவலகம்தான், மாற்றாவிட்டால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் பழைய முகவரிக்குத்தான் போகும்.