தாழ்ந்த காருக்கும் காற்றுப் பிடிக்குமா?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை வேறு வேலை பார்க்க விடவில்லை. களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். போன வருடம் ஜெர்மனியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அத்தானிடம் பழைய போர்ஷே 911 ஒன்று இருக்கிறதாம். அதில் தம்பியை ஏற்றிக்கொண்டு அங்கத்தைய அதிவேக வீதியான ஆட்டோபானில் மணிக்கு 160 கிலோமீற்றரில் போயிருக்கிறார். இரண்டு பக்கமும் காடு. காடு முடிந்து உயரமான ஒரு பாலத்தில் ஏறினதும், காரின் மூக்கை யாரோ கையால் ஒதுக்கிவிட்ட மாதிரி இருந்ததாம். தம்பி கேட்கிறார்: “சேர், கார் நிலத்தோட ஒட்டிக் கிடக்கு. டயரும் அகலம். காற்றுப் பிடிக்க அதில என்ன இருக்கு? நம்மட வான் கச்சான் காலத்தில கல்லடிப் பாலத்தால போகுது, ஒன்றும் நடக்கிறதில்லையே?”

வெளியூரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். இது வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை. தென்மேல் பருவத்தில் மேற்கே மலையில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, எங்கள் மட்டக்களப்புப் பக்கம் காய்ந்து சூடாக இறங்குகிற காற்றுக்கும் அதே பெயர்.

சரி, கேள்விக்கு வருவோம். தம்பி இரண்டு விடயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். கவிழ்கிறது வேறு, விலகுகிறது வேறு. தாழ்ந்த கார் காற்றுக்குக் கவிழாது, அது உண்மை. உயரமான வானுக்கும் வெறுமையாகப் போகிற லொறிக்கும்தான் அந்தப் பயம். விலகுகிறது என்பது உயரத்தை மட்டும் பார்த்து நடக்கிற காரியம் இல்லை. காற்று காரை எந்த இடத்தில் பிடிக்கிறது, காரின் பாரம் எந்த இடத்தில் இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு.

இந்தா பாருங்கள், பேரனின் பொம்மைக் கார். பாரம் சமமாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மேசை ஃபேனை முன்னுக்கு வைத்துப் போடுகிறேன். மூக்கு கொஞ்சம் ஆடினதும் பார்த்தீர்களா? திரும்பி நேராக வரவில்லை. ஆடின பக்கமே போய் அகலப்பாடாக நின்றுவிட்டது. ஏனென்றால் காற்று பிடிக்கிற இடம் நூல் கட்டின இடத்துக்கு முன்னுக்கு இருக்கிறது. இப்போது பின்பக்கத்தில் ஒரு உருண்டை களிமண்ணை ஒட்டுகிறேன். பாரம் பின்னுக்குப் போய்விட்டது, நூலையும் பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும். ஃபேன் போட்டால்? முந்தியதை விடக் கெதியாகத் திரும்புகிறது. தம்பி, அத்தானின் 911 இதுதான். எஞ்சின் பின் சில்லுக்கும் பின்னால். பாரத்தில் பாதிக்கு மேல் பின்னுக்கு. மூக்கு இலேசு.

கடைசியாக, வாலில் ஒரு காட்போட் துண்டைச் செங்குத்தாக ஒட்டுகிறேன். இப்போது எவ்வளவு தட்டிவிட்டாலும் காற்றைப் பார்த்தே திரும்பி வருகிறது. பட்டம் வீடியோ பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. வால் இல்லாத பட்டம் தலை சுற்றி விழும் என்று அன்றைக்கே காட்டினேன். 1950களில் பிரான்சின் லு மான் கார்ப் பந்தயத்தில் ஓடிய ஜாகுவார் டி-டைப் காரின் படத்தைத் தேடிப் பாருங்கள். சாரதியின் தலைக்குப் பின்னால் மீன் செட்டை மாதிரி ஒன்று நிற்கும். அலங்காரம் இல்லை, அதுவும் வால்தான். 2011இல் இருந்து அங்கே ஓடுகிற ‘புரோட்டோடைப்’ என்கிற, பந்தயத்துக்கென்றே கட்டுகிற புதிய கார்களுக்கு அப்படி ஒரு செட்டை கட்டாயம்.

அப்போ வான்? வானின் பக்கம் பெரியது, காற்று அதை அதிகமாகத்தான் தள்ளும். ஆனால் அது கடைசி வரை ஒரே பெட்டி. பின்பக்கமும் நன்றாகக் காற்றுப் பிடிப்பதால் முன்னும் பின்னும் ஒன்றாகத் தள்ளுப்படுகிறது, மூக்கு மட்டும் திரும்புகிறது குறைவு. வழுவழுப்பாகச் சரிந்து இறங்குகிற வால் உள்ள காருக்கு அந்த உதவி இல்லை. அதோடு, ஓடுகிற காருக்கு முன்னால் இருந்தும் காற்று வருகிறது, பக்கத்தாலும் வருகிறது. இரண்டும் சேர்ந்து சாய்வாக மூக்கில் படும். உருண்டையான மூக்கைச் சுற்றி மறுபக்கம் பாய்கிற காற்று அந்த மூலையை இழுக்கவும் செய்யும். இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் இழுவை.

வேகத்தையும் பாருங்கள். தம்பியின் வான் 60இல் போகிறது, அத்தான் 160இல். பக்கக் காற்றின் தள்ளு காரின் வேகத்தோடு ஏறக்குறைய நேராகவே கூடும், இரண்டரை மடங்கு என்று வையுங்கள். அதை விட மோசம் நேரம். மூக்கு ஒரே ஒரு பாகை திரும்புகிறது, ஆள் சுதாரிக்க ஒரு விநாடி எடுக்கிறது என்று வைப்போம். 60இல் அந்த விநாடியில் 17 மீற்றர் போவீர்கள், ஓர் அடி விலகுவீர்கள். 160இல் 44 மீற்றர், இரண்டரை அடி. பக்கத்து வரிசையில் ஒரு கார் வந்தால் கதை முடிந்தது.

மேலே தூக்குகிற பிரச்சினையும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் முதுகு விமானச் சிறகு மாதிரி வளைந்திருந்தால் வேகத்தில் பின்பக்கம் இலேசாகும். 1998இல் வந்த அவுடி டிடி முதல் மாடல் அதிவேகத்தில் திரும்பும்போது பின்பக்கம் பிடி விட்டு விபத்துகள் நடந்து, பிறகு கம்பனியே கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சின்னச் செட்டை பூட்டி, சஸ்பென்சனையும் மாற்றியது. அவ்வளவு அழகான வாலுக்கு மேல் அந்தச் செட்டை எனக்குப் பிடிக்காது, ஆனால் உயிர் முக்கியம்.

இனி நான் எப்போதும் சொல்கிறது. தோணி வீடியோவில் சொன்னேன், பட்டத்திலும் சொன்னேன். காற்று நின்று அடித்தால் கை பழகிவிடும். தொடங்குகிற இடமும் விடுகிற இடமும்தான் ஆளை விழுத்தும். தம்பி எழுதினதைத் திரும்ப வாசியுங்கள்: “காடு முடிந்து பாலத்தில் ஏறினதும்”. 1938 ஜனவரி 28, ஃபிராங்ஃபுர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் இடையில் ஆட்டோபானில் வேகச் சாதனை ஓட்டம். காலையில் மெர்சிடிஸ் வீரர் கராச்சியோலா மணிக்கு 432 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிட்டார். அதை முறியடிக்கப் போனார் ஆட்டோ யூனியன் வீரர் ரோஸ்மையர், 28 வயது. காற்று எழும்பத் தொடங்கிவிட்டது என்று எச்சரிக்கையும் கிடைத்தது. மரங்களுக்கு நடுவே வெளியாக இருந்த இடத்தில் குறுக்குக் காற்று காரைப் பிடித்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

என் கதை அவ்வளவு பெரியது இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சி. டவுனில் ஒரு பெரிய ரெஜிபோம் அட்டை, அதாவது இலேசான வெள்ளை நுரை அட்டை வாங்கி, மனைவி பின்னால் இருந்து பிடித்துக்கொள்ள, மோட்டார் சைக்கிளில் கல்லடிக்கு வருகிறேன். கடைகள் மறைத்திருக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. பாலத்தில் ஏறினதும் அட்டை பாய் விரித்த மாதிரி நின்றது. நான் காற்றுப் பக்கம் சரிந்து சமாளிக்கிறேன். பின்னால் இருந்து “விடவா? விடவா?” என்று கேட்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் விட்டுவிட்டாள். அட்டை ஆற்றுக்குப் போனது. நான் சரிந்திருந்த பக்கமே சைக்கிள் சாய்ந்து, கால் ஊன்றித்தான் நின்றேன். பிடித்திருந்தபோது விழவில்லை, விட்டபோதுதான் விழப் பார்த்தேன்.

உண்மையில் என்னிடம் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி போர்ஷே பற்றியது இல்லை. இங்கே ஹைவேயும் இல்லை, சாதாரண வீதியில் 70தான் சட்டம். கேட்க வேண்டியது இது: கச்சான் நேரம் நிந்தவூர் தாண்டி ஒலுவில் பக்கம் வயல்வெளியால் தெற்கே மோட்டார் சைக்கிளில் போகும்போது, எதிரே பஸ் வந்தால் ஏன் வயிறு கலங்குகிறது?

காற்று மேற்கில் இருந்து, அதாவது உங்கள் வலப் பக்கத்தால். நீங்கள் அறியாமலே வலப் பக்கம் கொஞ்சம் சரிந்து ஓடுகிறீர்கள். எதிரே வருகிற பஸ்ஸும் உங்களுக்கு வலப் பக்கத்தால்தான் போகும். அது கடக்கிற அந்த ஒரு நொடி காற்றை மறைத்துவிடும். சரிந்த உடம்பு சரிந்தபடி இருக்க, தாங்கின காற்று இல்லை. சைக்கிள் பஸ்ஸின் பக்கம் போகும். உடனே இடப் பக்கம் வெட்டுவீர்கள். அந்த நேரம் பஸ் போய்விடும், காற்றும் சேர்ந்து இடப் பக்கம் தள்ளும், வயலுக்குள் இறங்குவீர்கள். அதே வீதியில் வடக்கே வரும்போது இந்த மறைப்பு இல்லை, எதிர் பஸ் காற்று போகிற பக்கம்தான் வரும்.

ஆகவே தெற்கே போகிறவர்கள் பஸ்ஸைத் தூரத்தில் கண்டதும் 40க்கு இறக்குங்கள், இடக் கரையை எடுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பஸ் கடக்கும்போது வெட்டாமல் ஒரு நொடி பொறுங்கள், காற்று திரும்ப வந்து உங்களைத் தாங்கிவிடும். அத்தானுக்கும் இதே பதில்தான் தம்பி: காடு முடிகிற இடம் கண்ணில் பட்டதும் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள், பாலத்தில் ஏறின பிறகு இல்லை.