அம்மாவின் பையில் இருந்த கருவி

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

என் அம்மாவின் சுருக்குப் பையில் வீட்டுச் சாவியும் பேருந்து அட்டையும் எப்போதும் இருக்கும். 2020 கடைசியில், கோவிட் காலத்தில் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று பதிந்துவைக்கும் டிரேஸ்டுகெதர் கருவியும் சேர்ந்துகொண்டது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வில்லை. தேக்கா சந்தைக்குக் கிளம்பும்போது, பச்சை விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். "தம்பி, நான் எங்கே போறேன், யாரைப் பார்க்கிறேன்னு இதுல யார் பார்ப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டார். "நோய் வந்தால் மட்டும் சுகாதார அமைச்சு பார்க்கும்மா, வேறு யாரும் பார்க்க முடியாது" என்றேன்.

நானாகச் சொன்னதல்ல அது. கருவியில் சேரும் தகவல் தொற்றுத் தடமறிதலுக்கு, அதாவது நோயாளியின் அருகில் இருந்தவர்களைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அந்த ஜூன் மாதம் அறிவித்திருந்தார். அந்த வாக்கைத்தான் என் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கருவியின் வடிவமைப்பில் அக்கறை இருந்தது. அதில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் வரும் இன்னொரு கருவியோடு புளூடூத் வழியாகத் தற்காலிக எண்களை மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். 25 நாள் ஆனால் பழைய பதிவு அழிந்துவிடும். ஆனால் எந்த எண் யாருடையது என்று அவிழ்க்கும் சாவி அரசாங்கத்திடம் இருந்தது. சாவி ஒரு கையில் இருக்கும்வரை, அதைக் கேட்டு இன்னொரு கை நீளத்தான் செய்யும்.

2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் உறுப்பினர் கிறிஸ்டோபர் டி சூசா, குற்ற விசாரணைக்கு இந்தத் தகவல் பயன்படுத்தப்படுமா என்று கேட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறை இந்தத் தகவலைப் பெறலாம் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதில் சொன்னார். ஒரு கொலை விசாரணைக்காக அது ஏற்கெனவே நாடப்பட்டிருந்ததும் தெரியவந்தது. மறுநாள் விவியன் பாலகிருஷ்ணன் எழுந்து, முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தம் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. நல்ல எண்ணத்தோடு சொன்ன வாக்கையும் ஏட்டில் இருந்த பழைய சட்டப்பிரிவு ஒன்று தள்ளிவிட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அம்மா செய்தியைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் புதிய சட்டம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆட்கடத்தல் உள்ளிட்ட 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே காவல்துறை தகவலைக் கேட்கலாம். மீறுவோருக்கு 20,000 வெள்ளிவரை அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். வரவேற்கிறேன். ஆனால் நாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் சேர்ந்த பிறகல்லவா வந்தது? அதே ஆண்டு மே மாதத்திலிருந்து கடைத்தொகுதிக்குள் நுழையவே டிரேஸ்டுகெதர் கட்டாயம் ஆனது. விருப்பம் இருந்தால் சேருங்கள் என்று தொடங்கிய ஒன்று அது!

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் நடந்ததைப் பாருங்கள். உணவகத்தை விட்டு வெளியே வந்த ஒருவர் விழுந்து இறந்துபோனார். சாட்சிகளைத் தேடிய காவல்துறைக்கு, லூக்கா என்ற வருகைப்பதிவுச் செயலியிலிருந்து 21 பேரின் விவரம் போய்ச் சேர்ந்தது. சட்டம் அதைத் தடுத்திருந்தும், தொற்று ஏற்பட்டதைப்போலப் பதிந்து வாங்கிவிட்டார்கள். அதே ஜெர்மனியின் அரசாங்கச் செயலியில் அது முடிந்திராது. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதை அங்கே கைப்பேசியே தனக்குள் ஒப்பிட்டுக்கொள்ளும். போய்க் கேட்க மையப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. அடுத்த கொள்ளைநோய்க்குச் செயலி செய்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அந்த வடிவத்தை. அதோடு, முதல் ஆள் பதிவிறக்குவதற்கு முன்பே சட்டம் நிறைவேற வேண்டும்.

2023இல் கருவியைத் திருப்பிக் கொடுக்க அம்மாவைச் சமூக மன்றத்துக்கு அழைத்துப் போனேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டாங்களா?" என்றார். இந்த முறை அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் சொன்னேன்: "அழிச்சிட்டாங்கம்மா. அந்தக் கொலை வழக்குக்கு எடுத்ததை மட்டும் வைச்சிருக்காங்க."